கோடு போட்ட கோமாளியை மேடையேற்றாதீர்கள்

சங்க நிர்வாகக் குழுவினருக்கும் சித்திரை விழாக் குழுவினருக்கும்,

குழுமத்தில் நீங்கள் அனுப்பிய விழா அழைப்பிதழில் ‘அரிசோனா மண்ணின் கலைகள்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்த மாநிலத்துப் பழங்குடியினரான ஹோப்பிகளைப் பற்றிப் பிள்ளைகள் நடிக்கும் ‘ஹோப்பி கோமாளிகள்’ நாடகம், டிஷ்யூ பேப்பர் உருளையில் கோமாளிப் பொம்மை செய்யும் பட்டறை, நிதி திரட்டும் ஏலத்தில் ‘அசல் ஹோப்பி கைவேலை’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு கோமாளிப் பொம்மை, இந்த மூன்றும் அதில் வருகின்றன. மூன்றையும் நிறுத்தும்படி குழுவுக்குத் தனியாக எழுதினேன். “கோமாளிதானே, சாமியா என்ன? இதில் யார் மனம் புண்படப் போகிறது?” என்று பதில் வந்தது. அதற்கு மேல் தனியாகப் பேசிப் பயனில்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அரிசோனாவின் வடகிழக்கில், மூன்று மேட்டுநிலங்களின் மேலும் அடிவாரத்திலும் ஹோப்பி ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் பழைய ஒராய்பி, அமெரிக்காவில் இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துவரும் மிகப் பழைய ஊர்களில் ஒன்று. சுமார் 1100-ஆம் ஆண்டிலிருந்து அங்கே அடுப்பு எரிகிறது. வற்றாத ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. மழையையும் பனியையும் நம்பி மணலில் சோளம் விதைக்கிறார்கள். அந்த மழையைக் கொண்டுவருபவர்கள் கட்சினாக்கள் என்ற புனித ஆவிகள். குளிர்காலத்தில் ஊருக்கு வந்து, ஜூலையில் நிமான் சடங்கு முடிந்ததும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஃபிளாக்ஸ்டாஃபுக்கு மேலே தெரியும் மலைகள்தான் அவை. நம் சங்கத்தின் ஜனவரிப் பனிச் சுற்றுலா போகும் அதே இடம். (அங்கே சுத்திகரித்த கழிவுநீரில் செயற்கைப் பனி செய்யக் கூடாது என்று ஹோப்பிகளும் மற்றப் பழங்குடிகளும் வழக்காடினார்கள். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். நம் சுற்றுலாவில் இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.)

கட்சினாக்கள் ஊர் முற்றத்தில் ஆடும் நாள்களில், வசந்தத்திலும் கோடையிலும், கோமாளிகள் வருகிறார்கள். நீங்கள் விழா வைத்திருக்கும் ஏப்ரலும் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. கோமாளிகளில் பல வகை உண்டு. உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டை, தலையில் இரண்டு கொம்பு, கொம்பின் நுனியில் சோளத் தோகை. உங்கள் அழைப்பிதழில் படமாகப் போட்டிருப்பது இந்த உருவத்தைத்தான். கடைக்காரர்கள் கொஷாரே என்பார்கள், ஹோப்பிகள் கொயாலா என்பார்கள். 1680-ல் ஸ்பானியர்களை எதிர்த்துப் புவெப்லோ பழங்குடி மக்கள் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு, ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கமிருந்து வந்து முதல் மேட்டில் ஹானோ என்ற ஊரில் குடியேறிய தேவா மக்கள் வழியாக வந்தவர் அவர். சேற்று நிறத்தில், தலையில் உருண்டை உருண்டையாகப் புடைப்புகளோடு இருப்பவர் கோயெம்சி. அவர் கோமாளியாகவும் வருவார், மேளம் அடிப்பவராகவும் வருவார். களிமண் பூசி, கண்ணிலும் வாயிலும் கறுப்புக் கீற்று இட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி, ஹோப்பிகளே வெளியாரிடம் பேசியும் எழுதியும் சொன்னவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். கூரை வழியாகக் கூச்சல் போட்டுக்கொண்டு வருவார்கள். தலைகீழாக முற்றத்தில் இறங்குவார்கள். கட்சினாக்கள் ஆடிக்கொண்டிருப்பதே முதலில் கண்ணில் படாது. பட்டதும் “இது எனக்கு, அது எனக்கு” என்று உரிமை கொண்டாடுவார்கள். வயிறு வெடிக்கத் தின்பார்கள், அடித்துக்கொள்வார்கள், வெட்கமில்லாமல் பேசுவார்கள். ஊர்ப் பெரியவர், அரசு அதிகாரி, வேடிக்கை பார்க்க வந்த வெள்ளைக்காரர், ஆராய்ச்சி செய்ய வந்தவர் என்று ஒருவரையும் விடமாட்டார்கள். மனிதன் ஒழுங்கு தெரியாமல் வாழ்ந்தால் எப்படி இருப்பான் என்பதை ஊர் கூடி, சிரித்துக்கொண்டே பார்க்கிறது.

அத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஆந்தைக் கட்சினா வந்து எச்சரிக்கிறார். கோமாளிகள் கேட்கமாட்டார்கள். மறுபடி வருகிறார், மறுபடியும் கேட்கமாட்டார்கள். கடைசியில் போர்வீரக் கட்சினாக்கள் வந்து அவர்களைப் பிடித்து, சாட்டையால் அடித்து, குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு கோமாளியும் தன் குறையை எல்லோர் முன்னும் பாட்டாகச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறார். காலையில் ஊரையே கிழித்துத் தோரணம் கட்டியவர், மாலையில் அதே ஊர் பார்க்க நனைந்துபோய் நிற்கிறார். அவர் அந்த ஊர்க்காரர். அவர் கேலி செய்தது தன் மாமனை, தன் அத்தையை, தன் ஊர்த் தலைவரை. நாளைக்கும் அவர்களோடுதான் அவர் சோளம் விதைத்தாக வேண்டும். கேலி செய்ய அவருக்கு உரிமை கிடைப்பது, அந்த அடியையும் அந்தத் தண்ணீரையும் அவரே ஏற்றுக்கொள்வதால்தான்.

என் ஆட்சேபம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. இனி உங்கள் ஒத்திகைக்கு வருகிறேன். சனிக்கிழமை என் பெண்ணைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துவரப் போனபோது அரங்கின் பின்னால் நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள், கையிலும் முகத்திலும் கறுப்பு வெள்ளைப் பட்டை, அட்டைக் கொம்பு. மேடையில் வந்து விழுகிறார்கள், தர்பூசணி தின்கிறார்கள், விதையை முன்வரிசை மேல் துப்புகிறார்கள், ஒருவரையொருவர் உதைக்கிறார்கள். பிறகு கைகோத்துக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆந்தை இல்லை, சாட்டை இல்லை, தண்ணீர் இல்லை, மன்னிப்பும் இல்லை. பார்ப்பவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஹோப்பிகள் என்றால் உடம்பில் பட்டை போட்டுக்கொண்டு துப்புகிறவர்கள் என்ற எண்ணம் மிஞ்சும். சரி, விட்டதையும் சேர்த்துவிடுகிறோம் என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். அது இன்னும் மோசம். விட்டுப்போன பகுதிதான் அந்தச் சடங்கின் உயிர். பயிற்சி கொடுத்து மேடையில் ஏற்றுகிற சரக்கு இல்லை அது.

குழுவில் ஒரு அண்ணா என்னிடம், “நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இல்லையா? ராஜாவையே கிண்டல் பண்ணுவான். அதை யார் வேண்டுமானாலும் நடிக்கலாமே” என்றார். நல்ல கேள்விதான். கட்டியங்காரன் கூத்துக் கலைஞன். கூலி பேசி ஊர் ஊராகப் போய் ஆடுகிற ஜமாவில் ஒருவன். வந்து பாருங்கள் என்று நம்மைக் கூப்பிட்டு ஆடுகிறவன். ஹோப்பிகள் நம்மைக் கூப்பிடவில்லை. வராதீர்கள் என்று பல ஊர்களில் பலகையே வைத்திருக்கிறார்கள். படம் எடுக்காதே, ஒலிப்பதிவு செய்யாதே, வரையாதே என்று நுழைவாயிலிலேயே எழுதியிருக்கிறது. எழுதக் காரணமும் உண்டு. 1890-களில் ஒராய்பிக்கு வந்த ஹைன்ரிஷ் ஃபோத் என்ற மெனனைட் பாதிரியார் சடங்குகள் நடக்கும் நிலவறைக்குள்ளேயே புகுந்து படம் எடுத்தார், எழுதி வெளியிட்டார். அவர் அங்கே கட்டிய தேவாலயத்தில் 1942-ல் இடி விழுந்தது. இடிந்த சுவர்கள் இன்னும் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அதைப் பற்றிச் சொல்லும்போது முகத்தில் வரும் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

பொம்மை விஷயம் இன்னும் சிக்கலானது. அழைப்பிதழில் ‘விளையாட்டுப் பொம்மை’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மரச்சிற்பங்களை ஹோப்பிகள் திஹு என்கிறார்கள். பிப்ரவரியில் வரும் பொவாமுயா சடங்கிலும் ஜூலை நிமானிலும், கட்சினாக்கள் தம் கையால் சிறுமிகளுக்குக் கொடுப்பவை அவை. கைக்குழந்தைக்குத் தட்டையாக, கை கால் இல்லாமல், பலகை போல இருக்கும். வளர வளர உருவம் கூடும். வீட்டுச் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கவிடுவார்கள். எந்தக் கட்சினா யார் என்று பிள்ளை பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். செதுக்குவது காட்டன்வுட் மரத்தின் வேரில். இரண்டாம் மேட்டில், தன் வீட்டு முன்னறையையே கடையாக வைத்திருக்கும் ஒரு பெரியவர் எனக்கு ஒரு வேர்த்துண்டைக் கையில் கொடுத்தார். தக்கை மாதிரி லேசாக இருந்தது. “தண்ணீரைத் தேடித் தேடிப் போகிற வேர் இது. நாங்கள் கேட்பதும் தண்ணீர்தான்” என்றார். மழைக்கான வேண்டுதல் மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஆற்றுப்படுகையில் காய்ந்து கிடக்கும் வேரைத்தான் பொறுக்குவார்களாம். மழை குறையக் குறைய வேர் கிடைப்பதும் குறைகிறது என்று வருத்தப்பட்டார்.

“அவர்களே கடையில் விற்கிறார்களே, அப்புறம் நாம் செய்தால் என்ன?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மை, விற்கிறார்கள். தர்பூசணிக் கீற்றைக் கையில் வைத்துச் சிரிக்கும் பட்டைக் கோமாளியைச் சந்தைக்கென்றே எத்தனையோ சிற்பிகள் செதுக்குகிறார்கள். பீனிக்ஸ் ஹெர்ட் அருங்காட்சியகத்தில் கட்சினாச் சிற்பிகள் கூடும் சந்தையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நானும் போகிறேன், பார்க்கிறேன், பேசுகிறேன். பல குடும்பங்களுக்கு அதுதான் வருமானம். விற்கவே கூடாது என்று சொல்லும் ஹோப்பிகளும் இருக்கிறார்கள். அது அவர்களுக்குள் நடக்கும் விவாதம், நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹோப்பிச் சிற்பி ஒருவர் செதுக்கி விற்கும்போது எதைக் காட்டலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தப்பினால் கேட்க அவருக்கு ஊர் இருக்கிறது. டிஷ்யூ உருளையில் பட்டை ஒட்டும் பட்டறைக்கு அப்படி எதுவும் கிடையாது. மாலை நாலு மணிக்கு அந்த உருளைகள் எங்கே போகும் என்பது விழா முடிந்து அரங்கைக் கூட்டுகிற நம் எல்லோருக்கும் தெரியும்.

இனி ஏலத்துக்கு வைத்திருக்கும் பொம்மை. அலுவலக அறையில் எடுத்துப் பார்த்தேன். கடைசல் இயந்திரத்தில் உருட்டிய கைகால்கள், ஒட்டவைத்த ரோமம், கெட்டியான மரம், அடிப்பலகையில் சிற்பியின் பெயரோ குலக்குறியோ இல்லை. இணையத்தில் வாங்கியதாகக் குழுவில் ஒருவரே சொன்னார். அதை ‘அசல் ஹோப்பி கைவேலை’ என்று அறிவித்திருக்கிறீர்கள். அமெரிக்கப் பழங்குடியினர் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தது என்று விற்பதும், விற்பனைக்குக் காட்டுவதும் 1990-ஆம் ஆண்டின் கைவினைச் சட்டப்படி குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. லாப நோக்கமில்லாத சங்கம், நல்ல காரியத்துக்கு நிதி என்பதெல்லாம் அதற்குப் பதிலாகாது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது அந்த அறிவிப்பை நீங்கள் உடனே எடுத்திருக்க வேண்டும். நான் எழுதிய பிறகும் அது அப்படியே இருக்கிறது.

நிதி திரட்ட வேடம் போடுவது இந்த மாநிலத்தில் புதிதில்லை. 1921-ல் ப்ரெஸ்காட் ஊர் வியாபாரிகள் சிலர், ஊர் ரோடியோவுக்குப் பணம் சேர்க்க, உடம்பில் சாயம் பூசிக்கொண்டு ஹோப்பிகளின் பாம்பு நடனத்தை மேடையில் ஆடினார்கள். கூட்டம் சிரித்தது, பணம் வந்தது. ஸ்மோக்கி மக்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வருடா வருடம் ஆடினார்கள். அதே 1921-ல்தான் அமெரிக்க அரசின் பழங்குடியினர் விவகார ஆணையர் சார்லஸ் பர்க், பழங்குடிகளின் நடனங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லித் தன் அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கோமாளிகளின் ஆட்டம் ஆபாசம் என்று அக்காலத்தில் அதிகாரிகளும் பாதிரிமார்களும் புகார்களை அடுக்கினார்கள். சொந்தக்காரர் ஆடினால் ஆபாசம், வியாபாரிகள் ஆடினால் கலை நிகழ்ச்சி. அதற்கு முன்பே, 1895-ல், அரசாங்கப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப மறுத்ததற்காக 19 ஹோப்பி ஆண்களை அல்காட்ராஸ் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

ஸ்மோக்கிகள் ஆடியது 1990 வரை. ஹோப்பிகள் நேரில் போய் எதிர்த்த பிறகுதான் நின்றது. அவர்களுடைய அருங்காட்சியகம்கூட 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்மோக்கிகளில் ஒருவர், அரிசோனாவின் செனட்டராக இருந்த பாரி கோல்ட்வாட்டர். 1964-ல் தன்னிடமிருந்த 437 கட்சினாச் சிற்பங்களை ஹெர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஹோப்பிகள் மீது அவருக்குப் பிரியம் இருந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். பிரியத்தோடுதான் எழுபது வருடம் அந்த ஆட்டம் நடந்தது.

இப்படிப்பட்டவற்றின் விளைவை ஹோப்பிகள்தான் சுமக்கிறார்கள். 1992-ல் மார்வெல் நிறுவனம் ஒரு காமிக்ஸ் இதழில் கட்சினாக்களை வில்லன்களாக வரைந்தது. எதிர்ப்பு வந்ததும் இதழைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதன் பிறகு பல ஊர்கள் கட்சினா நடனங்களை வெளியாருக்கு மூடிவிட்டன. 2013 ஏப்ரலில் பாரிஸில் சுமார் 70 புனிதப் பொருள்களை ஏலம் போட்டார்கள். நிறுத்தச் சொன்ன வழக்கை நீதிமன்றம் தள்ளியது. அந்த டிசம்பரில் நடந்த இன்னொரு ஏலத்தில் ஆனன்பெர்க் அறக்கட்டளை யாருக்கும் சொல்லாமல் 24 பொருள்களைச் சுமார் 5,30,000 டாலருக்கு எடுத்து, 21-ஐ ஹோப்பிகளிடமும் மூன்றை சான் கார்லோஸ் அப்பாச்சி பழங்குடியினரிடமும் திருப்பிக் கொடுத்தது. தங்கள் பொருளை யாரோ காசு கொடுத்து மீட்டுத் தர வேண்டிய நிலை. ஏலம் என்றதும் அவர்களுக்கு ஞாபகம் வருவது இதெல்லாம்தான்.

“நாம் வெள்ளைக்காரர்கள் இல்லையே, நாமும் வந்தேறிகள்தானே” என்று குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார். வந்தேறிகள் என்பதால் கூடுதல் சலுகை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. நாம் வீடு வாங்கியிருக்கும் இந்த மாநிலத்தில் நமக்கு முன்பே இருந்தவர்கள் அவர்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்டினால் அவர்கள் ஊர் வந்துவிடும். இந்த நாடகத்துக்கு முன் உங்களில் ஒருவராவது அங்கே யாரிடமாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தப் பதிலை இங்கே போடுங்கள், நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

இனி, நான் கேட்பது இவற்றைத்தான்.

‘ஹோப்பி கோமாளிகள்’ நாடகத்தை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்குங்கள். பையன்கள் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பு ஒன்றுமில்லை. அதே நேரத்தில் வேறு நாடகம் போட இடம் கொடுங்கள். கட்டியங்காரன் பிடிக்கும் என்றால் கட்டியங்காரனையே போடுங்கள், வசனம் எழுதித் தர நான் தயார். ஒத்திகைப் படங்களையும் வீடியோக்களையும் சங்கத்தின் முகநூல் பக்கத்திலிருந்தும் வாட்ஸ்அப் குழுமத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

பொம்மைப் பட்டறையை ரத்து செய்யுங்கள். ஏலத்திலிருந்து அந்தப் பொம்மையை எடுங்கள், ‘அசல் ஹோப்பி கைவேலை’ என்று விளம்பரம் செய்தது தவறு என்று குழுமத்தில் ஒரு வரி எழுதுங்கள். அதை வேறு யாருக்கும் பரிசாகவோ விலைக்கோ தள்ளிவிடாதீர்கள். ஏலத்தில் அதற்கு எதிர்பார்த்த தொகை எவ்வளவு என்று சொல்லுங்கள், அதை நன்கொடையாக நான் தருகிறேன்.

அரிசோனாவின் கலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற உங்கள் விருப்பம் நியாயமானது. அதற்கு ஹோப்பிச் சிற்பி ஒருவரை முறையாக அழைத்து, பயணச் செலவும் தக்க சம்பளமும் கொடுத்து, எதைக் காட்டுவது, எதைப் பேசுவது என்பதை அவர் முடிவுக்கே விடுங்கள். கோமாளியைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இனி ஹோப்பிகள் சம்பந்தப்பட்ட எதையும் திட்டமிடும் முன், கைகோட்ஸ்மோவி ஊரில் இருக்கும் ஹோப்பி பண்பாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது என்று சங்க விதிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக நான் முன்மொழிகிறேன், வழிமொழிய விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.

விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், அழைப்பிதழ் போட்ட அதே குழுமத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்
பீனிக்ஸ், அரிசோனா